‘அப்புறம்?’ என்ற ஒரு சொல்

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துத்தான் கூலி வாங்கினார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். வெல்ட் கீ கரையில் தொங்கான் படகிலிருந்து மூட்டை இறக்கியே காலத்தைக் கழித்தவர். அவர்தான் எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார் என்றால் கேட்பவர்கள் நம்புவதில்லை. தமிழ்ப்பள்ளியில் 33 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இந்த 77 வயதில் திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு அதில் ஐயமே இல்லை.

1950களின் நடுவில் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு அருகில் ஒரு கடைவீட்டின் மாடியில், ஒரே அறையில் குடியிருந்தோம். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அப்பா கீழே அஞ்சடி நடைபாதையில் ஒரு பலகையைப் போட்டு உட்காருவார். ஒட்டுக்கடையில் நாலு பேர் படித்து முடித்த ‘தமிழ் முரசு’ அவர் கையில் இருக்கும். கோ. சாரங்கபாணி நடத்திய அந்த நாளிதழில் பிள்ளைகளுக்காகவே ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதி வந்த காலம் அது. “வாடா தம்பி, என்ன போட்டிருக்கான்னு சொல்லு” என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

எழுத்து எழுத்தாகக் கூட்டி நான் வாசிப்பேன். தப்பாக வாசித்தால் அவருக்குத் தெரியாது. அதனால் திருத்த மாட்டார். ஒரு வரி முடிந்ததும், “அப்புறம்?” என்பார். நான் திக்கி நின்றால், “அப்புறம் என்ன நடந்திருக்கும்? நீ சொல்லு பாப்போம்” என்பார். நானாக ஒன்றைச் சொல்வேன். “அப்படியா? அப்படித்தான் போட்டிருக்கா, பாரு” என்பார். என் ஊகம் சரியா என்று பார்க்க மறுபடியும் எழுத்துக்குள் தலையை விடுவேன். வாசிப்பது என்றால் தாளில் இருப்பதை உரக்கச் சொல்வது மட்டுமில்லை, அடுத்து என்ன என்று தேடிப் போவது என்பதை அந்த அஞ்சடியில்தான் கற்றேன்.

என் வாழ்நாள் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். குழந்தையின் படிப்பு எழுத்தில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. அந்தக் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும், அது சொல்வதைக் கேட்கவும் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் படித்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இது நமக்குப் புதிய செய்தி இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்து வைத்தார்கள். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று அது வளரும். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால்தான் அது தாலாட்டு. சப்பாணிப் பருவத்தில் தாய் கைகொட்டச் சொல்கிறாள், பிள்ளை கொட்டுகிறது. அம்புலிப் பருவத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவையே விளையாடக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பெரியவர் குழந்தையைப் பார்த்துப் பேசுகிறார், அதன் பதிலுக்குக் காத்திருக்கிறார். பேச்சு வருவதற்கு முன்பே பேச்சு வார்த்தை தொடங்கிவிடுகிறது.

இன்றைய ஆய்வாளர்களும் இதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். 1984இல் ஜேனட் வெர்க்கர் என்ற உளவியலாளர் ஒன்றைக் காட்டினார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு மாதத்தில் இந்தி மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறிகின்றன. காதில் விழாத அந்த ஒலிகளைப் பிரித்தறியும் திறன் ஒரு வயதுக்குள் மங்கிவிடுகிறது. 2003இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பேட்ரிஷியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மாண்டரின் மொழியைக் கொண்டு சென்றார்கள். ஒரு குழுவோடு மாண்டரின் பேசுபவர் தரையில் உட்கார்ந்து விளையாடினார், கதை சொன்னார். 12 முறை அமர்ந்த பிறகு அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, தொலைக்காட்சித் திரையில் காட்டப்பட்டது. அந்தக் குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு நம் ழகரம்தான் நினைவுக்கு வந்தது. ல, ள, ழ மூன்றையும் பிள்ளை பிரித்துச் சொல்லவில்லை என்று முதலாம் ஆண்டு வகுப்பில் நாம் குறைப்படுகிறோம். மழை, பழம், கிழவி என்று அதன் காதருகே யாராவது தினமும் பேசினார்களா? கைப்பேசியில் ஓடும் பாட்டு அந்த வேலையைச் செய்யாது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்; குழந்தை ‘ஊ’ என்றால் நின்று “என்னடா தங்கம்?” என்று கேட்காது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சோறு ஊட்டும்போது கையில் கைப்பேசியைக் கொடுக்கும் தாய்மாரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். வேலைக்குப் போய்வந்த களைப்பு எனக்கும் தெரியும். ஆனால் சோறு ஊட்டும் அந்த இருபது நிமிடம்தான் நம் பாட்டிமார் காக்கையையும் நிலாவையும் காட்டிப் பேசிய நேரம் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

இப்படியெல்லாம் சொல்லும் நான் என் மகனுக்கு என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் மகன் பள்ளிக்குப் போகும் முன்பே எல்லாம் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான்கு வயதில் சுவரில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டேன். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. பிரம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சொல்ல வைத்தேன். ஒன்று தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. ஆறு வயதில் 247ஐயும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். உறவினர்கள் மெச்சினார்கள். ஒருநாள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாங்கிய ‘அம்புலிமாமா’ ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தான். படத்தைக்கூடப் புரட்டாமல், “எத்தனை பக்கம் படிக்கணும்ப்பா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. என் அப்பாவிடம் நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. எழுத்தறியாத அவர் எனக்குக் கொடுத்ததை, பயிற்சி பெற்ற ஆசிரியனான நான் என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மகன் நன்றாகத்தான் படித்தான், நல்ல வேலைக்கும் போனான். ஆனால் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அவனாக எடுத்துப் படித்து நான் பார்க்கவில்லை.

அவனுக்குத் திருமணமாகி, பேத்தி பிறந்து, அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடமும் மனைவியிடமும் வந்தது. அவளுக்கு மூன்று வயதானபோது, பழக்க தோஷத்தில் எழுத்து அட்டை வாங்கிவரக் கிளம்பினேன். மகன் வாசலில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்: “அப்பா, எனக்குச் செஞ்சத இவளுக்குச் செய்யாதீங்க.”

கோபமில்லாமல் சொன்னான். அதனால்தான் தைத்தது. அட்டை வாங்கவில்லை. என் அப்பாவின் பலகையை மனத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததையும் கற்றதையும் இளம் பெற்றோருக்குச் சொல்கிறேன்.

முதலில் பேச்சு. குழந்தை ஒரு சொல் சொன்னால் அதை வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுங்கள். பேத்தி சன்னலில் நின்று “பூனை ஓடு” என்பாள். “ஓடு இல்லம்மா, ஓடுது” என்று திருத்தினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “ஆமா, கறுப்புப் பூனை மதில்மேல ஓடுது! எங்க ஓடுது?” என்றால் திருத்தமும் கிடைத்துவிடும், பேச்சும் தொடரும். கேள்வி கேட்டபின் பொறுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரியவர்களாகிய நமக்கு அந்த ஐந்து எண்ணும் நேரம்தான் கடினம். பதிலை நாமே சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது, வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. மற்ற மொழிக்காரர்களைவிட நமக்கு இது கூடுதலாகத் தேவை. நாம் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். “அவங்க வந்துட்டாங்க” என்று பேசுகிறோம். புத்தகம் “அவர்கள் வந்துவிட்டார்கள்” என்கிறது. ஏழு வயதில் முதலாம் ஆண்டில் உட்காரும் பிள்ளை, எழுத்தைக் கூட்டி ‘வந்துவிட்டார்கள்’ என்று சரியாகவே வாசித்துவிட்டு, அது என்ன என்று தெரியாமல் விழிப்பதை நூறு முறையாவது பார்த்திருக்கிறேன். எழுத்து தெரிகிறது, ஆனால் அந்தத் தமிழ் அதன் காதில் விழுந்ததே இல்லை. இரண்டு வயதிலிருந்து நாளுக்குப் பத்து நிமிடம் படித்துக் காட்டினால், புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழாகிவிடும். அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ போன்ற பாட்டுப் புத்தகங்கள் இதற்கு மிகவும் நல்லவை. சந்தம் முதலில் காதில் நின்றுகொள்ளும், சொல் பின்னால் வந்து சேரும்.

படிக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை அவள் புரட்டட்டும். இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டினாலும் பரவாயில்லை. சொல்லுக்குக் கீழே உங்கள் விரல் மெல்ல நகரட்டும். படத்தைக் காட்டி “இது என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள், “யானை ஏன் அழுது?”, “நீயா இருந்தா என்ன செய்வ?” என்று கேளுங்கள். 1980களில் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிக் கேள்வி கேட்டுப் படிக்கும் முறையைப் பெற்றோருக்குப் பழக்கினார். அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வெறுமனே படித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளின் பேச்சைவிட வளமாக வளர்ந்ததைக் கண்டார். அதைப் படித்தபோது, அஞ்சடியில் என் அப்பா செய்ததும் இதுதானே என்று எனக்குக் கண் கலங்கியது.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அலுத்துக்கொள்ளாதீர்கள். பேத்திக்கு ஒரு முதலைக் கதையை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒருநாள் கண் அசந்து ஒரு வரியை விட்டுவிட்டேன். “தாத்தா, ஆத்தைக் கடக்கவே இல்ல!” என்று பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அன்று ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் கதை அந்தத் தாளில் இருக்கிறது, மாறாமல் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால், அன்றே அவள் வாசகி ஆகிவிட்டாள்.

மூன்றாவதாகத்தான் எழுத்து. இங்கே தமிழ் நமக்கு ஒரு பெரிய வசதியைச் செய்து வைத்திருக்கிறது. ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்பது நம் மொழியில் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் அப்படி 42 என்று கணக்குச் சொல்கிறார். அவற்றில் பல குழந்தையின் நாவில் தினமும் புழங்குபவை: கை, பூ, வா, போ, தா, நீ, தீ, பை, ஈ. ஓர் எழுத்தைத் தெரிந்துகொண்டாலே ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்ட மகிழ்ச்சி! 247ஐயும் வரிசையாக ஏற்றிவிட்டுப் பிறகு சொல்லுக்கு வரும்வரை எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

பேத்தி முதலில் படித்த சொல் ‘பூ’. சாயங்காலம் அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டை எங்கள் வீட்டில் இன்றும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறோம். வடை பொரியும் வாசனை, சேலைக்கடைப் பாட்டு, மல்லிகைச் சரம் தொங்கும் மாலைக்கடை. அந்தக் கடைப் பலகையில் ‘பூ மாலை’ என்று எழுதியிருந்தது. நின்று, “இது பூ” என்று எழுத்தைக் காட்டினேன். தொங்கிய சரத்தைக் காட்டி, “இதுவும் பூ” என்றேன். அவள் எழுத்தையும் பார்த்தாள், சரத்தையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கோயிலுக்குப் போகும்போது, என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் ஒரு சுவரொட்டிக்குக் கீழே நின்றாள். ‘பூச்சொரிதல் விழா’ என்ற எழுத்தில் முதல் எழுத்தை எம்பி எம்பித் தொட்டு, “பூ! தாத்தா, பூ இங்கயும் இருக்கு!” என்றாள். அருகில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா மல்லிகைச் சரத்தில் கொஞ்சம் கிள்ளி எடுத்து அவள் தலையில் வைத்தார். லிட்டில் இந்தியாவில் கடைப் பலகையிலும் தெருப்பெயரிலும் தமிழ் எழுதியிருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் பாடப் புத்தகம் அது. பிள்ளையைக் கைப்பிடித்து நடந்தால் போதும்.

“தாடிகா பாலர் பள்ளியில் மலாய், அம்மாவிடம் ஆங்கிலம், உங்களிடம் தமிழ், பக்கத்து வீட்டில் ஹொக்கியன். பிள்ளை குழம்பாதா?” என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. குழம்பாது. பினாங்கில் பிறந்த நம் முன்னோர் எத்தனை பேர் நாலு மொழியிலும் பேரம் பேசினார்கள்! “தாத்தா, பசார் போகலாம்” என்று சேர்த்துப் பேசுவது குழப்பம் இல்லை. கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் பயன்படுத்துகிறாள். யாரிடம் எந்த மொழி என்பது மூன்று வயதிலேயே அவளுக்குத் தெரியும். நான் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால், “தாத்தா, நீங்க தமிழ்ல பேசுங்க” என்கிறாள். ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழியில் அன்பு காட்டும் ஓர் ஆள் இருந்தால் பிள்ளை எத்தனை மொழியையும் ஏற்றுக்கொள்ளும். ஆள் இல்லாத மொழிதான் பட்டுப்போகும். தமிழுக்கு அந்த ஆளாக இருப்பது நம் கடமை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் இரு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், “பல மொழி கேட்கிறாள், அதனால் தாமதம்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தாய்சேய் நல கிளினிக்கில் சொல்லுங்கள், காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்காமல் இருந்த பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று நினைத்து வளர்த்த வீடு ஒன்றை நான் அறிவேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பள்ளி இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு நடந்ததைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016இல் அதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அந்த வித்து நம் ஊரில் விழுந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே இருக்கும் ஆசிரியர்கள் எப்படி உழைக்கிறார்கள் என்பதை உள்ளிருந்து பார்த்தவன் நான். ஆனால் பிள்ளை பள்ளிக்கு வரும்போது ஏழு வயது ஆகிவிடுகிறது. காதில் கதையோடு வரும் பிள்ளைக்கு ஆசிரியர் எழுத்தைக் கொடுத்தால் போதும், அது ஓடத் தொடங்கிவிடும். வெறும் காதோடு வரும் பிள்ளைக்கு எழுத்தோடு சேர்த்து மொழியையும் கொடுக்க வேண்டும். நாற்பது பிள்ளை உள்ள வகுப்பில் ஒருவர் எத்தனை பேருக்கு மடியாக இருக்க முடியும்? மடி வீட்டில்தான் இருக்கிறது.

பேத்திக்கு இப்போது ஐந்து வயது. போன மாதம் எனக்குக் காய்ச்சல். இரவு சீக்கிரமே படுத்துவிட்டேன். கதை நேரம் வந்ததும் அவள் முதலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் என் மகனிடம் கொடுத்திருக்கிறாள். கூடத்திலிருந்து அவன் குரல் கேட்டது. நாற்பது வயதைத் தாண்டிய என் மகன், தட்டுத் தடுமாறித் தமிழ் வாசிக்கிறான். ‘ஆழமான ஆறு’ என்பது அவன் வாயில் ‘ஆளமான ஆறு’ என்று வந்தது. முப்பத்து மூன்று ஆண்டு ஆசிரியரின் நாக்கு என் வாய்க்குள் துடித்தது. அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

அவன் ஒரு பக்கம் முடித்து நிறுத்தினான். பேத்தி எதுவோ கேட்டாள். அவன் சிரித்தான். பிறகு பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அவன் யாரும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனான்.

எத்தனை பக்கம் என்று அவன் கேட்கவில்லை.